அரை டன் பிக்கப்பில் பிளவ் பூட்ட முதல் கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள்

கேள்வி இதுதான்: "என்னிடம் 2016ஆம் ஆண்டு அரை டன் வகைப் பிக்கப் இருக்கிறது. வி8 என்ஜின், போர் வீல் ட்ரைவ். இந்த முறை ஸ்நோ தள்ளுவதற்கு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் 15 வீட்டு ட்ரைவ்வேயும் ஒரு சின்னப் பிளாசாவும் பிடித்திருக்கிறேன். ட்ரக்குக்கு முன்னால் பூட்டி ஸ்நோ தள்ளுகிற பழைய ஏழரை அடி இரும்பு பிளவ் ஒன்று மலிவாக வருகிறது. அதை வாங்கிப் பூட்டினால் போதுமா? ட்ரக்கில் வேறு என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, போதாது. அந்தப் பிளவ்வுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் இரண்டு நாள் பொறுங்கள். நான் ஸ்காபரோவிலும் டுர்ஹம் பக்கமும் 18 குளிர்காலம் ஸ்நோ தள்ளியிருக்கிறேன், மூன்று ட்ரக் மாற்றியிருக்கிறேன். பழுதான சாமான் ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தால் முக்கால்வாசிக்கும் காரணம் பாரம்தான். என்ஜின் பலம் இந்த வேலையில் ஒருநாளும் எனக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை. முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

ட்ரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.ஏ.டபிள்யூ.ஆர். (அந்த அச்சு தாங்கக்கூடிய உச்சப் பாரம்) என்று முன் அச்சுக்கு ஒரு எண், பின் அச்சுக்கு ஒரு எண், முழு வாகனத்துக்கும் ஜி.வி.டபிள்யூ.ஆர். (ஆள், சாமான் எல்லாவற்றோடும் வாகனம் இருக்கக்கூடிய உச்சப் பாரம்) என்று இன்னொரு எண். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்களும், உங்களோடு ஷவலோடு வரப்போகிற ஆளும் ஏறி, டாங்க் நிறையப் பெற்றோல் அடித்து, தராசு இருக்கிற இடத்துக்குப் போங்கள். பழைய இரும்பு எடுக்கிற யார்டிலும், கல் மணல் விற்கிற யார்டிலும், 401 நெடுஞ்சாலை வழியே இருக்கிற ட்ரக் ஸ்டொப்புகளிலும் நிறுக்கலாம். முன் சில்லு மட்டும் தட்டில் ஏற ஒரு தடவை, முழு வாகனமும் ஏற ஒரு தடவை.

இனிக் கணக்கு. உங்கள் ஸ்டிக்கரில் முன் அச்சுக்கு 3,900 இறாத்தல் என்றும், தராசில் ஆளோடு 3,150 இறாத்தல் என்றும் வந்ததாக வைப்போம். மிச்சம் 750 இறாத்தல். நீங்கள் பார்த்த அந்த ஏழரை அடி இரும்பு பிளவ்வும் மவுண்டோடு 750 இறாத்தல் அளவில்தான் வரும். "சரியாகப் பொருந்துதே" என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் பிளவ் அச்சுக்கு மேலே இருப்பதில்லை, அதற்கு முன்னால் நாலு அடி தள்ளித் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 12 அடி. சீசோ பலகை மாதிரி யோசியுங்கள்: முன் அச்சு நடுக்கட்டை, பிளவ் ஒரு நுனி, ட்ரக்கின் பின்பக்கம் மறு நுனி. பிளவ்வைத் தூக்கியவுடன் பின் அச்சிலிருந்து 250 இறாத்தல் கழன்று முன்னுக்கு வருகிறது. ஆக முன் அச்சில் ஏறுவது 750 இல்லை, 1,000. மொத்தம் 4,150. ஸ்டிக்கர் எண்ணைத் தாண்டி 250 இறாத்தல். இது சமதரையில், வாகனம் நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்பும்போது முன் சில்லுகளைப் பிடித்திருக்கிற போல் ஜொயின்ட் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்காகத்தான் அரை டன் ட்ரக்குக்கென்றே பாரம் குறைந்த பிளவ் செய்கிறார்கள். வெஸ்டர்ன், ஃபிஷர், பாஸ், ஸ்நோஎக்ஸ் எல்லாரிடமும் உண்டு. அப்படி 520 இறாத்தல் பிளவ் ஒன்று என்றால் அதே கணக்கில் முன் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 690. மொத்தம் 3,840. எண்ணுக்குள் நிற்கிறது. கொஞ்சம் மெல்லிய தகடுதான், கட்டியாகிப்போன ஸ்நோவில் அடித்துத் தள்ளினால் நெளியும். ஆனால் 15 வீட்டுக்கும் ஒரு சின்னப் பிளாசாவுக்கும் அது தாராளம். கீழ்நோக்கி அழுத்தம் கொடுக்கிற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு வேலையில் பாதி, கராஜ் கதவுக்குப் பக்கத்தில் பிளேட்டை (பிளவ்வின் தள்ளுகிற தகட்டை) இறக்கிப் பின்னுக்கு இழுத்து வருவதுதான். பாரமில்லாத பிளேட் அழுத்தம் இல்லாவிட்டால் ஸ்நோவுக்கு மேலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

பழைய பிளவ் மலிவாக வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். மவுண்ட் ஒவ்வொரு ட்ரக் மொடலுக்கும் தனித்தனி. சட்டகத்தில் பூட்டுகிற அந்த இரும்பும் வயர்க்கட்டும் உங்கள் ட்ரக்குக்குரியதாகப் புதிதாக வாங்கவேண்டி வந்தால் மலிவு என்பது போய்விடும். வெல்டு பிடித்துப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் எயார்பாக் சென்சரும், மோதினால் மடங்கவேண்டிய சட்டகமும் இருக்கின்றன. கம்பனிகளின் இணையத்தளத்தில் ட்ரக்கின் ஆண்டு, கபின், என்ஜின் எல்லாம் கொடுத்தால் எந்தப் பிளவ் பொருந்தும், பின்னுக்கு எவ்வளவு பாரம் வைக்கவேண்டும் என்று அதுவே சொல்லும். உங்கள் ட்ரக் தொழிற்சாலையிலிருந்தே பிளவ் பக்கேஜோடு வந்ததா என்றும் டீலரிடம் வின் நம்பரை (வாகனத்தின் அடையாள எண்ணை) கொடுத்துக் கேளுங்கள். பாரமான ட்ரக்குகளில் ஃபோர்டில் 473, ஜி.எம்.மில் வி.ஒய்.யூ. என்பது அதன் குறியீடு.

பின்பாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்னுக்குப் போன பாரத்தைத் திருப்பி எடுக்கிற ஒரே வழி அதுதான், ஆனால் வைக்கிற இடம் முக்கியம். பெட்டியின் நடுவில், பின் சில்லுக்கு முன்னால் மண்மூட்டை போட்டால் அதில் ஒரு பங்கு முன் அச்சுக்கே போகும். பின் சில்லுக்கும் பின்கதவுக்கும் இடையில் வையுங்கள். அச்சுக்கு மூன்றடி பின்னால் 400 இறாத்தல் வைத்தால் பின்னுக்கு 500 ஏறும், முன்னுக்கு 100 இறங்கும். பிறேக் பிடிக்கும்போது முன்னே பறந்து வராதபடி மரச்சட்டம் அடித்து இறுக்கிவிடுங்கள். உப்பு மூட்டைகளையே பாரமாக வைக்கிற ஆட்கள் உண்டு. நானும் செய்தேன். மூன்றாவது பார்க்கிங்கில் உப்பு முடிந்துவிடும், ட்ரக்கின் பின்பக்கம் ஆடத் தொடங்கும், அதுவும் விடிய ஐந்து மணிக்கு ஆட்கள் வேலைக்குப் போகிற நேரத்தில். மண்மூட்டை அசையாமல் கிடக்கட்டும், உப்பை அதற்கு மேலதிகமாகக் கணக்கிடுங்கள். முழு வாகனத்தின் எண்ணையும் அப்போது மறக்கக்கூடாது.

இனி முன்பக்கம். போல் ஜொயின்ட், டை ரொட் நுனி, சில்லு பெயரிங், யூ ஜொயின்ட் எல்லாவற்றையும் பிளவ் பூட்டுவதற்கு முன் ட்ரக்கைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் ஆட்டம் இருக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சாதாரண வாகனத்துக்குச் சொல்வார்கள். பிளவ் ட்ரக்குக்கு அந்தக் கொஞ்ச ஆட்டம் ஜனவரியில் முறிந்துவிடும். முன் ஸ்பிரிங் தாழ்ந்தால் டிம்ப்ரென் மாதிரியான ரப்பர் தாங்கிகள் போடலாம், நல்லவை. ஆனால் அவை ட்ரக்கைத் தாழவிடாமல் பிடிக்குமே ஒழிய அச்சின் தாங்கு எண்ணைக் கூட்டாது. ரப்பரைப் போட்டுவிட்டுப் பாரமான பிளவ்வைப் பூட்டுகிற தவறு நிறைய நடக்கிறது.

ரயரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மலையும் பனித்துகளும் பொறித்த அடையாளம் உள்ள குளிர்கால ரயர், கூடிய பாரம் தாங்குகிற லோட் ரேஞ்ச் ஈ வகை. அகலமான ரயர் பார்க்க அழகு, ஸ்நோவில் மிதக்கும். உங்கள் சில்லுக்குப் பொருந்துகிற அளவுகளில் ஒடுக்கமானதை எடுங்கள். ஒன்ராறியோவில் குளிர்கால ரயர் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 ஜனவரியிலிருந்து தனியார் வாகனக் காப்புறுதியில் அதற்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. உங்கள் ட்ரக்கை வணிகத்துக்கு மாற்றிக் காப்புறுதி எடுக்கும்போதும் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரம்தான் புதிதாக இறங்குகிறவர்கள் கவனிக்காத இடம். பிளேட்டைத் தூக்குகிற ஹைட்ரோலிக் பம்பின் மோட்டர் பாரம் ஏறும்போது 150, 200 அம்பியர் இழுக்கும். அதே நேரம் ஹீட்டர், வைப்பர், எல்லா விளக்குகளும் வேலை செய்கின்றன. என்ஜின் ஐட்லில் நிற்கிறது. ஐட்லில் ஆல்டர்நேட்டர் தன் முழு அளவில் பாதியளவுதான் தரும். மிச்சத்தைப் பற்றரி கொடுக்கிறது, அந்தப் பற்றரியும் மைனஸ் 18இல் தன் சக்தியில் ஏறத்தாழப் பாதியை இழந்து நிற்கிறது. 15 வீட்டில் ஒரு வீட்டுக்குப் பத்துத் தடவை தூக்கி இறக்கினால் எத்தனை என்று பாருங்கள். நாலு வருடம் பழைய பற்றரி என்றால் மாற்றுங்கள், உங்கள் ட்ரக்கில் பொருந்துகிற பற்றரிகளில் கூடிய குளிர்த்தொடக்க அம்பியர் உள்ளதாக. நிலமின் (கிரவுண்ட்) வயர்களைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மின்கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். பம்ப் மெதுவாகத் தூக்குகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோன பிளவ்வுகளில் பல இந்த ஒரு வயரோடு சரியாகியிருக்கின்றன. பம்ப் இயங்கும்போது வோல்ட் மீட்டரைப் பாருங்கள். 12க்குக் கீழே போய்த் திரும்பி ஏறத் தாமதித்தால் பெரிய ஆல்டர்நேட்டர் தேவை.

இப்போது கியர்பொக்ஸ். என் இரண்டாவது ட்ரக்கின் கியர்பொக்ஸை நானே கொன்றேன். 2008 பெப்ரவரியில் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், சாமம் மூன்றரை மணிக்கு, ரிவர்ஸில் போட்டால் என்ஜின் உறுமுகிறது, ட்ரக் நகரவில்லை. எண்ணெயை எடுத்துப் பார்த்தால் கறுத்து, எரிந்த மணம். அந்த இரவு வேறொருவரைக் கூப்பிட்டு இருந்த வேலை முழுவதையும் அவரிடம் கொடுத்தேன். காரணம் இரண்டு. ஒன்று, ட்ரக் முழுதாக நிற்பதற்கு முன்னமே ரிவர்ஸிலிருந்து ட்ரைவுக்குத் தள்ளுகிற பழக்கம். உருண்டுகொண்டிருக்கிற மூன்று டன் பாரத்தையும் பிறேக்குக்குப் பதிலாக உள்ளே இருக்கிற கிளச் தகடுகள் நிறுத்துகின்றன, ஒரு இரவில் நூற்றுக்கணக்கான தடவை. இரண்டு, சூடு. மெதுவாகத் தள்ளும்போது டோர்க் கன்வேட்டர் (என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) பூட்டாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், அதுதான் சூட்டின் ஊற்று.

ஆகவே: எண்ணெயும் பில்டரும் சீசனுக்கு முன் மாற்றுங்கள். மேலதிக எண்ணெய்க் கூலர் பூட்டுங்கள், சூடு காட்டுகிற மீட்டர் ட்ரக்கில் இல்லாவிட்டால் ஒன்று வையுங்கள். 220 பரனைட்டைத் தாண்டினால் நியூட்ரலில் போட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். மணிக்கு 8 கிலோமீற்றருக்குக் கீழே ஊர்ந்து தள்ளுகிற இடத்தில் போர் லோவில் (போர் வீல் ட்ரைவின் மெதுவான கியரில்) போங்கள், கியர்பொக்ஸ் குளிராக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறேக்கை மிதித்து, முழுதாக நின்று, ஒரு மூச்சு விட்டு, பிறகு கியரை மாற்றுங்கள். ஒரு வீட்டுக்கு அரை நிமிடம் கூடப் போகும். அந்த அரை நிமிடம் கியர்பொக்ஸின் விலை.

என்ஜின் சூடு வேறு விதம். பிளேட்டை உயரத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது ரேடியேட்டருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும். இடம் மாறும்போது பிளேட்டைச் சரித்து, தரையில் தட்டாத அளவுக்குத் தாழ்த்தி, மெதுவாகப் போங்கள். பிளவ் பூட்டியிருக்கும்போது மணிக்கு 72 கிலோமீற்றர், தள்ளும்போது 16. பல பிளவ்வுகளின் கையேட்டில் இருக்கிற எண்கள் இவைதான். பிளவ்வோடு 401இல் ஏறாமல் கிங்ஸ்டன் ரோட்டாலே போய்வருகிற மாதிரி உங்கள் வீடுகளை ஒழுங்குபடுத்துங்கள்.

பிளவ்வில் பார்க்க வேண்டியவை குறைவு. ஹைட்ரோலிக் எண்ணெயை ஒவ்வொரு இலையுதிர்காலமும் முழுதாக இறக்கிப் புதிதாக விடுங்கள், கம்பனி சொல்லுகிற குளிர் எண்ணெயே வேண்டும். கோடையில் உள்ளே சேர்ந்த ஈரம் மைனஸ் 20இல் பனிக்கட்டியாகி வால்வை அடைத்துவிடும், பிளேட் தூக்கினபடியே நிற்கும். கீழே தேய்கிற வெட்டு இரும்பை அது பூட்டியிருக்கிற அடிச்சட்டம் தரையில் உரச முன்னமே மாற்றுங்கள். இரும்பின் விலை சிறிது, அடிச்சட்டம் போனால் பெரிது. கல்லுப் பாதை உள்ள வீடு என்றால், பிளேட்டைத் தரையில் படாமல் தாங்குகிற அடிச்செருப்பை ஒரு அங்குலம் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஏப்ரலில் அவர்களின் புல்தரையில் இருந்து கல் பொறுக்கவேண்டி வரும். இன்னொன்று, ஏழரை அடி பிளேட்டை 30 பாகை சரித்தால் ஆறரை அடிதான் சுத்தமாகும். அது ரயர் இரண்டுக்கும் மட்டுமட்டு. சரித்துத் தள்ளும்போது ஒவ்வொரு வரியும் முந்தின வரிக்கு மேல் ஒரு அடி ஏறிப் போகட்டும்.

ட்ரக்கின் முன்விளக்குகளைப் பிளேட் மறைக்கும், ஆகவே பிளவ் விளக்குகளை உயரம் சரிபார்த்துப் பூட்டுங்கள். உங்கள் ட்ரக்கில் எல்.ஈ.டி. அல்லது செனோன் விளக்கு என்றால் அதற்குரிய அடாப்டரே வேண்டும். கூரையில் சுழலும் அம்பர் விளக்கு ஒன்று. ஒன்ராறியோவில் நீல விளக்கு பொது வீதியில் ஸ்நோ அகற்றுகிற வாகனங்களுக்குரியது, பிளாசாவில் தள்ளுகிற நாங்கள் அதைப் போடக்கூடாது. முன்னால் தடை இருக்கிறது என்று தானாக பிறேக் பிடிக்கிற வசதி இருந்தால் பிளவ் பூட்டியிருக்கும்போது அணைத்துவிடுங்கள். அது பிளேட்டையே தடையாக நினைக்கும்.

உப்புக்கு எதிராக ஒக்டோபரிலேயே அடிப்பகுதிக்கு எண்ணெய் அடிக்க வேண்டும், க்ரௌன், ரஸ்ட் செக் மாதிரி. பிறேக் குழாய்களுக்கு மேல் நன்றாகப் படச் சொல்லுங்கள். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண கல்லுப்பு பெரிதாக உருக்காது. அந்த நாட்களில் கூடக் கொட்டினால் காசும் ட்ரக்கும் வீணாகிறதே தவிர நிலம் காயாது.

ட்ரக்குக்குள் வைக்க வேண்டியவை: ஒரு மேலதிக ஹைட்ரோலிக் குழாய், ஒரு போத்தல் எண்ணெய், பம்பின் சொலனோயிட் (மின்சுவிட்ச்), ஒரு ட்ரிப் ஸ்பிரிங் (தடையில் அடிபட்டுச் சரிந்த பிளேட்டைத் திருப்பி நிமிர்த்துவது), மவுண்ட் பின்கள், பியூஸ், சாவிகள், தலைவிளக்கு, மைனஸ் 40 கண்ணாடித் தண்ணீர், காய்ந்த கையுறை இரண்டு சோடி. சாமம் மூன்று மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

கடதாசி வேலையும் ட்ரக் தயாரிப்பில் ஒரு பகுதிதான், தம்பி. உங்கள் சாதாரண வாகனக் காப்புறுதி காசுக்கு ஸ்நோ தள்ளுவதை மூடாது. புரோக்கரிடம் வெளிப்படையாகச் சொல்லி வணிகக் காப்புறுதி எடுங்கள். பிளாசாவுக்கு வழுக்கி விழுகிறவர்களின் வழக்குக்கான பொறுப்புக் காப்புறுதி தனியாக வேண்டும், விலை கூட. அதைச் சேர்த்துத்தான் பிளாசாவுக்கு விலை சொல்லியிருக்கிறீர்களா என்று திரும்பப் பாருங்கள். 2021 ஜனவரி 29இலிருந்து ஒன்ராறியோவில் ஸ்நோவிலோ ஐஸிலோ விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அந்த அறிவித்தல் ஸ்நோ அகற்றுகிற உங்களுக்கும் வரலாம். இரண்டு மாதம் கழித்து, அன்று எத்தனை மணிக்கு வந்தோம், உப்புப் போட்டோமா என்று ஞாபகம் இருக்காது. ட்ரக்கில் ஒரு கொப்பி, ஒவ்வொரு இடத்துக்கும் நேரம், வெப்பநிலை, போட்ட உப்பு, போனில் ஒரு படம். நான் ஒரு நாளும் விடுவதில்லை. ஸ்நோவை வீதிக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள், வீதிச் சட்டத்தின் 181ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ட்ரக், பின்பாரம், உப்பு எல்லாம் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் சி.வி.ஓ.ஆர். (வணிக வாகனம் ஓட்டுகிறவர்களுக்கான ஒன்ராறியோ பதிவு) எடுக்கவேண்டும். உங்கள் அரை டன் அதற்குள் நிற்கும், பின்னால் பாரமான ட்ரெயிலர் கொழுவினால் நிற்காமல் போகலாம்.

ஒரு வீட்டு ட்ரைவ்வே ஆறு மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம் என்று வைப்போம். 20 சென்றிமீற்றர் புது ஸ்நோ விழுந்தால் அது 14 கன மீற்றர், லேசான ஸ்நோவாக இருந்தாலே ஒன்றரை டன்னுக்குக் கிட்ட. மழையோடு விழுந்தால் இரண்டு, மூன்று மடங்கு. நகரசபை பிளவ் வாசலில் கட்டிவிட்டுப் போகிற வரம்பு அதைவிடப் பாரம். 2022 ஜனவரி 17 மாதிரி, ரொறன்ரோ நகரின் சில பகுதிகளில் அரை மீற்றருக்கு மேல் விழுந்த நாளில், முடியும்வரை காத்திருந்தவர்களின் அரை டன் ட்ரக்குகள் தள்ள ஏலாமல் நின்றன. பத்து சென்றிமீற்றர் சேர்ந்ததும் ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. உங்கள் ட்ரக்குக்கு அதுதான் தோதான வேலை முறை.

நவம்பரில் நிலம் இறுக முன்னம் ஒவ்வொரு வீட்டிலும் ட்ரைவ்வே ஓரம், தண்ணீர்க் குழாய் மூடி, பூம்பாத்தி எல்லாவற்றுக்கும் தடி நடுங்கள். அதே வாரம் ஒரு இரவில், கையுறை போட்டபடி, விளக்கை அணைத்துவிட்டு, தனியாகப் பிளவ்வை ஐந்து தடவை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். ஸ்டிக்கர் எண்களும் தராசுச் சீட்டும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த அளவு பிளவ் என்று சேர்ந்து பார்க்கலாம்.